கூட உள்ளே வருவது யார்

ஜூன் 12

நிகிலா என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், வெளிக்குப் போனாளா, பேச்சில் தடுமாற்றம் உண்டா, எல்லாவற்றையும் தினமும் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று மதுரையில் டாக்டர் ரெஜினா சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறை போகும்போதும் வாங்கிப் படிப்பாராம். சரி, எழுதுவோம். கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நான்தான் மனு எழுதிக் கொடுக்கிறேன். கலெக்டருக்கு எழுதுகிறவளுக்கு டாக்டருக்கு எழுத வராதா.

காலை இட்லி ஒன்றரை. மதியம் ஆஸ்பத்திரி வாசலில் தயிர்சாதம், பாதி மிச்சம். பேச்சு வாயாடித்தனம்தான், குறைவில்லை.

நிகிலாவுக்கு ஏழு வயது. இரண்டு வருடமாகப் படியேறினால் மூச்சு வாங்கும். விரல் நுனியெல்லாம் உருண்டு, நகம் நீலம் பாரித்துக் கிடக்கும். வீசிங் என்று ஒருவர் புகை மருந்து கொடுத்தார். இதயம் என்று இன்னொருவர் பயமுறுத்தினார், இதயத்தைப் படம் எடுத்தால் ஒரு குறையும் இல்லாமல் கல்லு மாதிரி இருந்தது. கடைசியில் எங்கள் ஊர் ஸ்கேன் சென்டர்காரர்தான் ஈரலில் என்னவோ சரியில்லை என்று மதுரைக்கு அனுப்பினார்.

இன்று வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். இவள் அதை டிவி என்கிறாள். "என் வயித்துக்குள்ள என்ன சேனல் ஓடுது?" என்று கேட்டாள். எடுத்தவர் நல்ல கலகலப்பான ஆள், அவரும் "கார்ட்டூன்தான்" என்றார். கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

டாக்டர் ரெஜினா தாளில் படம் வரைந்து காட்டினார். "குடல்ல இருந்து வர்ற ரத்தமெல்லாம் ஒரு பெரிய குழாய் வழியா ஈரலுக்குப் போய், சுத்தமாகி, அப்புறம்தான் இதயத்துக்குப் போகணும். உங்க பாப்பாவுக்கு அந்த ரத்தம் ஈரலுக்குள்ள போகாமலே வேற வழியில போயிருது. பிறவியிலயே அப்படி. ரொம்ப அபூர்வம்."

சுத்தமாகாத ரத்தம் போய்ப்போய் நுரையீரல் கெட்டிருக்கிறதாம், அதனால்தான் மூச்சு வாங்குகிறதாம். மூளைக்கு ஏறினால் பேச்சும் நினைப்பும் குழம்புமாம்.

"என்ன செய்யலாம் டாக்டர்?" என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் வேல்ச்சாமி. கயத்தாறு காற்றாலையில் வேலை. நூறு மீட்டர் உயரத்தில் ஏறி நிற்கிறவர் அந்த நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஈரலுக்குள்ள சின்னதா ஒரு குழாயாவது இருக்கான்னு பார்க்கணும். நூல் மாதிரி இருந்தாலும் போதும். தப்பான வழியைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சா அந்த நூல் பெருத்துக்கும். அதுவும் இல்லைன்னா ஈரலையே மாத்தணும். எதுவானாலும் நாள் கடத்தக் கூடாது. நுரையீரல் ரொம்ப இறங்கிட்டா அப்புறம் எந்த ஆபரேஷனும் தாங்க மாட்டா."

நூல் மாதிரி இருந்தாலும் போதும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜூன் 20

இட்லி இரண்டு. கீரை சாப்பிடவில்லை. வெளிக்குப் போக டாக்டர் கொடுத்த இனிப்பு மருந்து மூன்று வேளை. விரலில் மாட்டுகிற கிளிப் கொடுத்திருக்கிறார்கள், ரத்தத்தில் எவ்வளவு காற்று சேருகிறது என்று காட்டும். நல்ல உடம்புக்குத் தொண்ணூற்றெட்டு. இவளுக்கு உட்கார்ந்தால் தொண்ணூறு, படுத்தால் தொண்ணூற்று மூன்று. ஊர் உலகத்தில் எல்லாரும் மூச்சு முட்டினால் எழுந்து உட்காருவார்கள். இவள் படுத்துக்கொள்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கடைசி பெஞ்சில் படுக்க விடுகிறாராம். "டீச்சர் என்னை மட்டும் ராணி மாதிரி வச்சிருக்காங்க" என்கிறாள்.

கடையில் ஜெராக்ஸ் பவுடர் நாற்றம் குடலைப் புரட்டுகிறது. முதலாளி ஏதோ மட்டமான பவுடர் வாங்கித் தொலைத்திருக்கிறார்.

ஜூன் 28

காலணியை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். சொன்னதற்குச் சிரித்தாள். ஆறும் ஒன்பதும் குழம்புகிறது. சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் இருக்கும்தானே, இருந்தாலும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "நீ பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்லையே" என்றார் இவர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவளுக்கு அசதி இருக்காதா.

ஜூலை 3

சி.டி. ஸ்கேன். விடியும்முன் மதுரைக்குப் பஸ் ஏறினோம். இவள் வெறும் வயிறு.

மயக்க மருந்து கொடுத்தால் இவள் மூச்சுக்கு ஆகாது, யாராவது உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், முழித்தபடியே எடுத்துவிடலாம் என்று டாக்டர் ரெஜினா சொல்லியிருந்தார். ஆடாமல் அசையாமல் கிடக்கவேண்டும். மருந்து ரத்தத்தில் ஏறும்போது உடம்பு சுடும், அப்போதுதான் ஆடக் கூடாது. இவளும் பஸ்ஸில் வரும்போதே என் மடியில் செத்துப்போன மாதிரி கிடந்து பழகினாள். "அம்மா, நீ கையைப் பிடிச்சுக்கோ. நான் பொம்மை மாதிரி கிடக்கேன்."

கதவு திறந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான். கனமான ஒரு மேலங்கியைக் கையில் வைத்திருந்தான். "கூட உள்ள யாரு வர்றீங்க? அம்மாதான?"

கதவில் ஒரு பலகை. கர்ப்பிணிப் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று சிவப்பில் எழுதியிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. இவரைப் போகச் சொன்னேன்.

நிகிலா போக மாட்டேன் என்றாள். இவர் தூக்கிக்கொண்டு போனார். கதவு மூடிய பிறகும் "அம்மா, அம்மா" என்று சத்தம் கேட்டது. அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

வெளியே வந்தபோது இவர் கையில் நகக் கீறல். "பெத்தவ நீ வெளிய நின்னுட்ட" என்றார்.

"மயக்கமா வந்துச்சுங்க."

"நின்னு விழுந்தாலும் உள்ள விழுந்திருக்கலாம்ல."

காலையில் நானும் சாப்பிடவில்லை. பட்டினியில் தலை சுற்றும்தானே. டாக்டர், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 8

படம் கலங்கிவிட்டது.

கம்ப்யூட்டரில் காட்டினார். ஈரல் இருக்கிற இடம் முழுக்க இழுபட்டு, தண்ணீரில் நனைந்த மனு மாதிரி. "சரியா அந்த நேரத்துல அசைஞ்சிருக்கா. நூல் இருக்கா இல்லையான்னு இதை வச்சு யாராலும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர் ரெஜினா.

மறுபடி எடுப்பதற்குப் பதில் இனி நேராகக் கடைசிப் பரிசோதனைக்கே போய்விடலாமாம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, தப்பான வழியைச் சின்ன பலூனால் அடைத்துவிட்டு, மருந்து செலுத்திப் படம் எடுப்பது. அதற்கு மயக்கம் கொடுத்தே ஆகவேண்டும், அதற்கென்று தனி டாக்டர் வரவேண்டும். அந்த மெஷினுக்கு இதய நோயாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆகஸ்ட் பன்னிரண்டுதான் கிடைத்தது.

"அம்புட்டு நாளா?" என்றார் இவர். டாக்டர் தேதியைச் சீட்டில் எழுதி நீட்டினார்.

பஸ்ஸில் நிகிலா என் காதில் சொன்னாள். "நான் ஆடிட்டேன்மா. நீ வந்திருந்தா ஆடியிருக்க மாட்டேன்."

இரவு தோசை ஒன்று. எண்பத்தெட்டு.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. கனி மதினி அடுத்த தெருவில் இருக்கிறார், இவருடைய அக்கா. நல்ல மனுஷிதான், ஆனால் நம் வீட்டுக் கதவுக்கு அவருக்குத் தட்டும் பழக்கம் கிடையாது. நேற்று வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் நின்று நேர்ந்துவிட்டு வந்திருக்கிறார். படத்தில் அந்தக் குழாய் தெரியவேண்டும், அடுத்த வெள்ளி நிகிலாவைப் பெற்றவள் தீச்சட்டி எடுப்பாள் என்று. நேர்ந்தது அவர், எடுக்கிறது நான்.

"நெருப்புச் சட்டியைக் கையில ஏந்தி ஊரைச் சுத்தணும்ட்டி. விரதம் இருந்துக்கோ" என்றார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூலை 24

வீட்டுக்குத் தூரம் என்று மதினியிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் தீட்டு, சட்டி எடுக்க முடியாது.

மதினி என் முகத்தையே பார்த்தார். "சரி, அடுத்த வெள்ளி எடுப்போம்" என்றார்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் இன்னும் உண்டு. தனித் தட்டு, தனித் தம்ளர், பின்கட்டு அறையில் தனிப் பாய். விரதம் இருக்கிற வீடு, சாமி காரியம் நடக்கிறது, பிள்ளையும் தொடக் கூடாது. மதினி வந்து சமைக்கிறார்.

ஜூலை 25

நிகிலா அறை வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். "எப்பம்மா தொடலாம்?"

"நாளை மறுநாள் தலைக்கு ஊத்துன பொறகு."

"மூச்சு வாங்குதும்மா."

"அத்தை மடியில படுத்துக்கோ."

"அத்தை மடி குண்டா இருக்கு." அங்கேயே வாசல்படியில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கடி தூரம். நானே போட்டுக்கொண்ட கோடு.

என்ன சாப்பிட்டாள் என்று மதினியைத்தான் கேட்கவேண்டும்.

ஆகஸ்ட் 1

எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மதினியே தீச்சட்டி எடுத்தார். உள்ளங்கை சிவந்து வந்து நின்றவர், நிகிலா நெற்றியில் திருநீறு பூசினார். என்னைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று. உடம்பு குளிர்ந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 12

மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். இந்த முறை யாரும் கூடப் போகவேண்டியதில்லை. கதவுவரை கையைப் பிடித்துக்கொண்டு போனேன். "இன்னைக்கு நான் தூங்கிருவேன்ல, அதனால ஆடமாட்டேன். பயப்படாத" என்றாள்.

வெகுநேரம் கழித்து டாக்டர் ரெஜினா எங்களை உள்ளே கூப்பிட்டுப் படத்தை ஓடவிட்டார். கறுப்பு மருந்து குடல் பக்கமிருந்து ஏறி வருகிறது. பலூன் வைத்து அடைத்த இடத்தில் முட்டுகிறது. ஈரல் பக்கம் ஒரு கிளையாவது பிரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பிரியவில்லை. முட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. இவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"நூல் மாதிரிகூட இல்லையா டாக்டர்?"

"இல்லைங்க. மூணு தடவை பார்த்துட்டோம்."

"சின்னதா?"

"இல்லை."

நல்ல தெளிவான படம். ஒரு துளி கலங்கல் கிடையாது.

ஈரல்தான் மாற்றவேண்டும். பெற்றவர்கள் யாராவது ஒரு துண்டு கொடுக்கலாம், வளர்ந்துவிடுமாம். சீக்கிரம் செய்யவேண்டும், நுரையீரல் ஜூன் மாதத்தில் இருந்த மாதிரி இல்லை. நிகிலா ரத்தம் ஓ பாசிட்டிவ். ஓ-தான் சேரும். இவர் பி. நான் ஓ.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் தர்றேன்" என்றேன். சொல்லாமல் என்ன செய்வேன். என் பிள்ளை.

ஆகஸ்ட் 16

என் அண்ணன் திருப்பூரிலிருந்து வந்தான். அவனும் ஓ. ஈரலில் கொழுப்பு, ஆகாது என்று முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்று அழுதான். மதினிக்குச் சர்க்கரை. இறந்தவர்களின் ஈரலுக்கும் பதிந்து வைத்திருக்கிறார்கள், முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் "தாய் நீ இருக்கயில புள்ளைக்கு என்ன குறை" என்கிறார்கள். இவர் எனக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வருகிறார், மாதுளை வாங்கி வருகிறார். சாப்பிடு சாப்பிடு என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கவனித்ததில்லை.

எண்பத்து மூன்று.

ஆகஸ்ட் 27

எனக்கு ஸ்கேன். நர்ஸ் முதலில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, காமாலை வந்ததா, கடைசியாக எப்போது வீட்டுக்குத் தூரமானீர்கள். ஜூலை இருபத்து நான்கு என்றேன். மதினி பக்கத்தில் நின்றார். ஒரு முறை சொன்னதையே திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது.

அதே அறை, அதே கலகலப்பான ஆள். நிகிலா அடம்பிடித்து உள்ளே வந்து ஓரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். "அம்மா டிவியை நானும் பார்ப்பேன்."

விலா எலும்புக்கு அடியில் வைத்துப் பார்த்தார். "ஈரல் அருமையா இருக்கும்மா. பாப்பாவுக்கு நல்ல யோகம்" என்றார். இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஜூனுக்குப் பிறகு இப்போதுதான் அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

அப்புறம் கருவி கீழே இறங்கியது. அடிவயிற்றில் நின்றது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த மௌனம் தெரியும்.

"எத்தனை மாசம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

இவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மதினி கண்ணை மூடிக்கொண்டார். திரையில் விரல் நீளத்துக்கு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது, அதன் நடுவில் பயறு அளவுக்கு ஒரு துடிப்பு, விடாமல்.

"என்னம்மா அது, மீனா?" என்று கேட்டாள் நிகிலா.

டாக்டர் ரெஜினா வந்தார். மூன்று மாதம் தாண்டிவிட்டது, கர்ப்பிணியிடமிருந்து ஈரலை எடுக்க முடியாது என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வராந்தாவில் இவர் என் முன்னால் வந்து நின்றார். "அன்னைக்கு வெளிய நின்னது இதுக்குத்தானா?"

தலையை ஆட்டினேன்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ கூட வந்து உள்ள போயிருப்பாளே. அவ மடியிலயும் புள்ள கிடப்பாளே." தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று போனார், நெடுநேரம் வரவில்லை.

ஆகஸ்ட் 28

இனி இதை டாக்டர் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி.

நிகிலாவுக்குப் பிறகு இரண்டு உண்டானது. முதல் தடவை நாள் தள்ளிப்போன மறுவாரமே மதினியிடம் சொன்னேன். மதினி ஊருக்கெல்லாம் சொன்னார். கலைந்துவிட்டது. இரண்டாவதை என்னைப் பெற்ற தாயிடம் மட்டும் சொன்னேன். அதுவும் நிற்கவில்லை. மூன்று மாதம் முடியும்முன் வாயைத் திறக்கக் கூடாது என்று பெரிய மனுஷிகள் சொல்வது சும்மாவா என்று நினைத்தேன். கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியக் கூடாது, சொன்னால் தங்காது. இந்தத் தடவை சொல்லவில்லை. தங்கிவிட்டது.

ஒரு வார்த்தை. அந்தச் சிவப்புப் பலகையைக் காட்டி, ஆமாம் தம்பி நான் அப்படித்தான், மதினியைக் கூட்டி வருகிறேன் என்று ஒரு வார்த்தை. மனு எழுதுகிற வாய்க்கு அது வரவில்லை.

ஒன்று போனாலும் ஒன்று கையில் இருக்கட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 31

கலைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கயத்தாறு வேலைக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "எம்புட்டு நாள்ல உன் உடம்பு தேறும், ஈரலை எடுக்கிற அளவுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் சில வாரம் பொறுக்கவேண்டுமாம்.

நிகிலா ரசம் சோறு கொஞ்சம். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எண்பத்தொன்று.

செப்டம்பர் 3

காய்ச்சல். சளி கட்டிவிட்டது. ஆம்புலன்சில் மதுரை.

செப்டம்பர் 5

என்னை வரச் சொன்ன நாள் இன்று. போகவில்லை. குழந்தைகள் தீவிர சிகிச்சை வார்டு வாசலிலேயே நின்றிருந்தேன்.

செப்டம்பர் 10

டாக்டர் ரெஜினா எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு விசிறியைப் போட்டுவிட்டார். விசிறி போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"காய்ச்சல் இறங்கிருச்சு. ஆனா நுரையீரல் மேல வரல. இந்த நிலைமையில நாளைக்கே ஒரு ஈரல் கிடைச்சாலும் எங்களால செய்ய முடியாது. மேஜையில இருந்து எழுப்ப முடியாது."

"கொஞ்ச நாள் பொறுத்து?" என்றார் இவர்.

"இது மேல வர்ற வியாதி இல்லைங்க."

நான் செப்டம்பர் ஐந்தை விட்டுவிட்டேன், நாளைக்கே வந்து கலைத்துக்கொள்கிறேன், பிறகு எத்தனை வாரமானாலும் சரி என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதைக் கலைக்காதீங்கம்மா. கலைச்சாலும் இனி இவளுக்கு உதவாது."

"ஜூலையிலயே படம் தெளிவா இருந்திருந்தா?"

அவர் நான் எழுதிக் கொடுத்த பக்கங்களைப் புரட்டினார். ஜூலையில் வந்து நிறுத்தினார். "அப்போ எண்பத்தெட்டு இருந்திருக்கு" என்றார். மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

இவர் அழுதார். நான் கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை, வாந்திதான் வந்தது.

செப்டம்பர் 24

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டே இருக்கிறது. கரண்டு போனால் ஓட மதினி வீட்டு இன்வெர்ட்டரைக் கழற்றி இங்கே மாட்டியிருக்கிறார் இவர். கடையை விட்டு நின்றுவிட்டேன்.

மதினி நிகிலாவிடம் சொல்லிவிட்டார், உனக்குத் தம்பியோ தங்கச்சியோ வருது என்று. நான் பல்லைக் கடித்தேன். நிகிலா என் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். உருண்ட விரல், நீல நகம்.

"அன்னைக்கு டிவியில மீன் மாதிரி இருந்துச்சே, அதாம்மா?"

"ஆமா."

"அதுக்கு அந்தக் குழாய் இருக்கா?"

எங்கே படித்தாள், யார் சொன்னார்கள் தெரியவில்லை. நாங்கள் பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்.

"தெரியலடா."

"போய்ப் பார்த்துட்டு வா."

அக்டோபர் 5

மூன்று வாய். பகலெல்லாம் தூக்கம். எழுந்தால் ஒரே கேள்வி, பார்த்தாச்சா.

அக்டோபர் 9

ஐந்தாம் மாத ஸ்கேன். மதினியைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு இவரும் நானும் மதுரை போனோம். அதே ஆள். கையெடுத்துக் கும்பிட்டு, ஈரலுக்குப் போகிற குழாயைக் கொஞ்சம் பாருங்கள் அண்ணே என்றேன். அது இந்த ஸ்கேனில் வழக்கமாகப் பார்க்கிறதில்லை போல. ஆனாலும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார், பேசாமல். இவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இருக்கும்மா" என்றார். திரையைத் திருப்பி, நிறம் போட்டுக் காட்டினார். சிவப்பாக ஒரு கோடு உள்ளே போய், இரண்டாகப் பிரிந்தது. நான் மறுபடி கேட்டேன். மறுபடி காட்டினார். எங்கள் வீட்டில் எல்லாரும் இதற்காகத்தான் ஜூனிலிருந்து தவம் கிடந்தோம். இன்று வந்து நிற்கிறது. இவர் திரையைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நிகிலா முழித்துக் கிடந்தாள். மூக்குக் குழாயைச் சரி செய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இருக்கா?"

"இருக்குடா."

"நல்லாத் தெரிஞ்சுதா? பாப்பா ஆடலையே?"

"ஆடலை."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். என் புறங்கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீ கூட உள்ள இருந்தேல்ல. அதாம்மா."

இரவு ரசம் சோறு, நாலு வாய். இனிப்பு மருந்து பாதி. எழுபத்தொன்று.